என் தட்டிலிருந்து கையை எடு

மகனுக்கு,

சலாம் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பதால் சொல்லிவிட்டேன். உனக்கும் உன் மனைவிக்கும் துஆவும் செய்துவிட்டேன். அது முடிந்தது. இனி திட்டப்போகிறேன். போனிலேயே திட்டிவிடலாம் என்று பார்த்தால் பாதியில் எனக்கு மூச்சு முட்டுகிறது. அடுத்த வார்த்தைக்கு நான் காற்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது நீ உள்ளே புகுந்து, "சரிம்மா, பேசாதீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் அப்படிக் குறுக்கே வர முடியாது. இளைப்பு வந்தால் பேனாவை வைத்துவிட்டுச் செத்த நேரம் உட்கார்ந்திருப்பேன், பிறகு விட்ட இடத்திலிருந்து திட்டுவேன். நீ கடைசி வரை படிக்க வேண்டும். உன் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. அவள் இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள், அவளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சில விஷயங்களை முதலிலிருந்து சொல்கிறேன்.

நேற்று மதியம் உன் அத்தா கடையிலிருந்து வந்ததும் வராததுமாகப் போனை என்னிடம் நீட்டினார். எனக்குச் சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறாய். அதற்குக் கீழே நீ பேசி அனுப்பியது. "அத்தா, அம்மாவ அனுப்பி விடுங்க. அங்க இருந்தா கண்டதையும் தின்னுருவாங்க. இங்கன்னா நான் கண்ட்ரோல்ல வச்சுக்குவேன்." உன் அத்தா தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. நான் தின்ற 'கண்டது' என்ன தெரியுமா? அவித்த முட்டை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதை உன் அத்தா வாய் தவறி உன்னிடம் சொல்லப்போக, திருட்டு நகை வாங்கியவளைப் பிடித்த மாதிரி நீ டிக்கெட் போட்டுவிட்டாய். பெற்றவளைப் பற்றி 'தின்னுருவாங்க' என்று ஒரு மகன் பேசலாமா? தின்னுவது என்றால் என்ன என்று உனக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான்.

உன் மனைவிக்குத் தெரியட்டும். பேகம்பூரில் நம் பிரியாணிக் கடைக்கு முன்பக்கம் உன் அத்தா, பின்பக்கம் நான். முன்னால் நின்றவரை ஊருக்கே தெரியும், 'பாய், இன்னக்கி கறி பஞ்சு மாதிரி இருக்கு' என்று அவரிடம்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். பின்னால் தகரக் கூரைக்குக் கீழே, கையகலச் சன்னல் ஒன்றை வைத்துக்கொண்டு, புளிய விறகு அடுப்பில் வெங்காயம் வதக்கி, கறி வேகவைத்து, சீரக சம்பா அரிசி போட்டு, மூடிமேல் கங்கு அள்ளிப்போட்டுத் தம் கட்டியது நான். மழைக்காலத்தில் விறகு ஈரமாக வரும். அன்றைக்கெல்லாம் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வேன், அவ்வளவுதான் பாதுகாப்பு. பிறகு படி ஏறினால் இளைத்தது, தொழுகையில் குனிந்தால் இளைத்தது, ஒரு நாள் தலை சீவக் கையைத் தூக்கினால்கூட இளைத்தது. நெஞ்சு டாக்டரிடம் போனோம். குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன். "பீடி, சிகரெட் உண்டாம்மா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் நுரையீரல் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த மெஷினை ஊதியே உடைத்திருப்பேன். சி.ஓ.பி.டி., மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்றார். விறகுப் புகையாலும் வரும், கெட்டுப்போனது கெட்டதுதான், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். இழுக்கிற மருந்து கொடுத்தார். கடைக்குக் கேஸ் அடுப்பு வந்தது, சமையலுக்கு ஒரு மாஸ்டர் வந்தார், நான் அடுப்படியை விட்டு வெளியே வந்தேன். இது வரைக்கும் யார்மேலும் எனக்குக் குறை இல்லை.

குறை எங்கே ஆரம்பித்தது என்றால், அந்த மாதம் நீ லீவில் வந்தாயே, அங்கே. டாக்டர் சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த இடத்தில் நீ டாக்டர் ஆனாய். உன் போனில் யாரோ பேசிய வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினாய். சளி கட்டுகிற சாமான்கள் என்று அவன் அடுக்கினான், நீ என் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாய். பால் போனது. தயிர் போனது. முட்டை, வாழைப்பழம், மீன், கறி எல்லாம் போனது. "நெஞ்சுல சளி இருக்கவங்களுக்குப் பத்தியந்தாம்மா மருந்து" என்றாய். அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள், இந்த ஊரில் இருமல் என்று வாயைத் திறந்தால் முதலில் தயிரைத்தான் பிடுங்குவார்கள். மிச்சம் இருந்தது நொய்க்கஞ்சி, மிளகு ரசம், தொட்டுக்கொள்ள ஒரு துவையல். முன்வாசலில் ஆட்டுக்கறி அண்டா அண்டாவாகப் போகிறது, பின்கட்டில் அந்தக் கடைக்காரரின் மனைவி வெஞ்சனத்துக்கு ஒரு துண்டு கறி இல்லாமல் கஞ்சி குடிக்கிறாள். வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா?

நான் இளைத்தேன். நீ வீடியோ காலில் பார்த்துவிட்டு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, சூப்பரா ஸ்லிம் ஆயிட்டீங்க. வெயிட் குறைஞ்சா மூச்சு லேசா இருக்கும்." நானும் நம்பினேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் எலும்பு குத்த ஆரம்பித்தது, தலையணை போட்டுக்கொண்டேன். ஜாக்கெட்டை மூன்று முறை பிடித்துத் தைத்தேன். குளித்துவிட்டு வந்தால் துணி மாற்றத் தெம்பில்லாமல் கட்டிலில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். நீயும் அதையே நினைத்து, மிச்சமிருந்த துவையலில் தேங்காய் வேண்டாம் என்றாய்.

உனக்கு ஆறு வயதில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உனக்குப் பிறவியிலேயே இளைப்பு. பனி வந்தால் நெஞ்சு விசிலடிக்கும். உன் அத்தாவின் அக்கா, உன் பெரிய மாமி, நம் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு இதே பத்தியத்தைத்தான் சொன்னார். "பிள்ளைக்கு முட்டை குடுக்காதே, பழம் குடுக்காதே, அரிசிக் கஞ்சி மட்டும் ஊத்து." நீ பூனைக்குட்டி மாதிரி இருந்தாய், விலா எலும்பை வெளியிலிருந்தே எண்ணலாம். நான் எதிர்த்துப் பேசவில்லை. மாமி மதியம் கண் அயர்ந்ததும் உன்னைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போய், புகை படாத இடமாகப் பார்த்து உட்காரவைத்து, அவித்த முட்டையை உப்பு தொட்டு ஊட்டினேன். தினமும் ஊட்டினேன். "அம்மா, மாமி முழிச்சுட்டாங்களா?" என்று வாயில் மஞ்சள் கருவோடு நீ கேட்பாய். "நீ மெல்லுடா, நான் பாத்துக்கறேன்" என்பேன். டாக்டர் கொடுத்த மருந்தையும் விடவில்லை. உனக்குச் சதை பிடித்தது, பள்ளிக்கூடத்தில் ஓட ஆரம்பித்தாய். அந்தப் பிள்ளைதான் இன்று வளர்ந்து நின்றுகொண்டு எனக்கு முட்டை கூடாது என்கிறான். நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இனி உன் கல்யாணத்துக்கு நாம் வைத்த வலிமா விருந்துக்கு வருகிறேன். உன் மாமியார் வீடு ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊர். அவர்கள் வழக்கம் சஹன் சாப்பாடு, ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவது. நமக்கு அது பழக்கம் இல்லை. இருந்தாலும் சம்பந்தி வீட்டாருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று உன் அத்தா எங்கெங்கோ கேட்டு அந்தத் தட்டுகளை வாடகைக்கு எடுத்துவந்தார். பெண்கள் பக்கம் உன் மாமியார் என் கையைப் பிடித்து, "வாங்க, நாம ரெண்டு பேரும் ஒரே சஹன்ல உக்காருவோம்" என்றார். நான் ஒரு வருஷத்துக்கு மேல் கறி தொட்டதில்லை. அன்றைக்கு உட்கார்ந்தேன். என் மகன் கல்யாணம், உட்காராமல் என்ன செய்வேன்? அவர் ஒரு நல்ல துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளி வைத்தார், அது அவர்கள் காட்டும் அன்பு. முதல் கவளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறேன், போட்டோக்காரனோடு நீ உள்ளே வந்தாய்.

"அம்மா! என்ன பண்றீங்க? கறியா? டாக்டர் என்ன சொன்னாரு? எந்திரிங்க மொதல்ல!" என்றாய். அத்தனை பெண்களுக்கு நடுவில் என் மணிக்கட்டைப் பிடித்தாய். கையிலிருந்த கவளம் தட்டிலேயே விழுந்தது. "யாரும் அம்மாவுக்கு ஒண்ணும் குடுக்காதீங்க, அவங்களுக்குச் சளி கட்டிக்கும்" என்று சுற்றி நின்றவர்களிடம் வேறு சொன்னாய். ஒரே சஹனில் உட்கார்ந்தவர்கள் கூட இருப்பவர் முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். அது உன் மாமியார் எனக்கு உட்காரும்போதுதான் சொல்லித்தந்திருந்தார். நான் எழுந்தேன். என்னோடு உட்கார்ந்த மூன்று பெண்களும் கையைத் தட்டின்மேல் வைத்தபடி அப்படியே இருந்தார்கள். நீ பிளாஸ்கில் கொண்டுவந்த கஞ்சியை மணமேடைக்குப் பின்னால் அறையில் தனியாக உட்கார்ந்து குடித்தேன். எதற்காகக் குடித்தேன் என்று இன்றுவரை எனக்கு என்மேல் ஆத்திரம்.

'டாக்டர் என்ன சொன்னாரு' என்று கேட்டாய் இல்லையா? நீங்கள் இருவரும் சென்னைக்குக் கிளம்பிய மறுவாரம் அதைக் கேட்கத்தான் போனேன். பழைய டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், இப்போது இருப்பது ஒரு அம்மா, வேடசந்தூர்ப் பக்கத்துக்காரர். முதலில் எடை மெஷினில் ஏறச் சொன்னார். முப்பத்தெட்டு கிலோ. பழைய சீட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "என்னம்மா, வீட்ல சோத்துக்குக் கஷ்டமா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். உன் அத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நாங்க பிரியாணிக் கடை வச்சிருக்கோம்மா" என்றார். அந்த டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "அப்ப இந்தம்மா ஏன் இப்படி இருக்காங்க?" என்றார். நான் சொன்னேன், பத்தியத்தை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், இதில் ஒரு வார்த்தையும் வீடியோவில் வந்தது இல்லை. "நமக்கெல்லாம் மூச்சு விடுறது தானா நடக்குது. உங்களுக்கு அது நாள் முழுக்க மூட்டை தூக்குற வேலை. அம்புட்டு வேலை செய்யிற உடம்புக்குக் கஞ்சித்தண்ணி எப்படிப் பத்தும்? வெளியிலேருந்து தீனி வரலைன்னா உடம்பு தன் சதையையே தின்னும். கை கால் சதை மட்டுமில்ல, மூச்சை இழுக்கிற நெஞ்சுச் சதையும் கரையும். அப்புறம் இழுக்கத் தெம்பு எங்கிருந்து வரும்? சளிக்காய்ச்சல் வந்தா எதுத்து நிக்க உடம்புல என்ன இருக்கும்? இந்த நோய்க்காரங்க இளைக்க இளைக்க ஆபத்துதாம்மா." பால் குடித்தால் சளி உண்டாகாதா என்று கேட்டேன். "தொண்டையில செத்த கெட்டியா இருக்க மாதிரி தெரியும், நெஞ்சுல சளி ஊறாது. அப்படித் தெரிஞ்சா மேல ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றார். முட்டை, மீன், கறி, பருப்பு, தயிர், பழம் எல்லாம் சாப்பிடச் சொன்னார். ஒரே தடவையில் வயிறு முட்டச் சாப்பிட்டால் அது மேலே எழும்பி மூச்சை அடைக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. சாப்பிடும் முன் கொஞ்சம் ஓய்வு, சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், தண்ணீரைச் சாப்பாட்டுக்கு நடுவில் குடித்து வயிற்றை நிரப்பக் கூடாது, கால் வீங்காமல் இருக்க உப்பைக் குறைக்க வேண்டும். கூடவே நடக்கவும் வேண்டும், நடந்தால்தான் தின்றது சதையாகும். போனிலேயே ரெஸ்ட் எடுங்க, ரெஸ்ட் எடுங்க என்று நீ என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் வைத்திருந்ததும் தப்பு என்று தெரிந்தது.

வரும்போது உன்னைப் பற்றியும் கேட்டேன். கோபத்திலும் கேட்காமல் இருக்க முடியவில்லை, பெற்ற வயிறு. என் மகனுக்கும் சின்ன வயதிலிருந்து இளைப்பு, இப்போது ஆள் பெருத்துவிட்டான், மாடிப்படி ஏறிவந்தால் பேச முடியாமல் நிற்கிறான், குறட்டை தெருமுனை வரை கேட்கிறது என்றேன். அந்த டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப பத்தியம் அவருக்கில்லம்மா வேணும்! தொப்பை மேல தள்ளுனா நெஞ்சு விரிய இடம் ஏது? அவரை எடை குறைக்கச் சொல்லுங்க, நீங்க ஏத்துங்க" என்றார். உன் அத்தா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறைக்க வேண்டியவன் இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா பார்சல் வாங்குகிறான், ஏற்ற வேண்டியவள் தட்டை அவன் பிடுங்குகிறான். நான் சொல்கிறேன், கேள். பரோட்டாவை விடு. பாட்டிலில் அடைத்த அந்தக் கலர் தண்ணீரை விடு. ஆபீசுக்குப் போகும்போது இரண்டு நிறுத்தத்துக்கு முன்னால் இறங்கி நட. இன்ஹேலரை நினைத்தபோது இழுக்காமல் டாக்டர் சொன்னபடி இழு. ஆனால் பட்டினி கிடக்காதே. பட்டினி யாரையும் குணப்படுத்தாது, அதை நான் என் உடம்பில் பார்த்துவிட்டேன்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? சின்ன ஊரு டாக்டர்." உன் வீடியோக்காரன் எந்த ஊர் என்று நான் கேட்டேன். மறுநாள் டிக்கெட் வந்தது. உனக்குப் பயம், அது எனக்குத் தெரியாமல் இல்லை. நீ லீவில் வந்த அந்த மாதம் எனக்கு மூச்சு அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ காரிடாரில் சுவரைப் பார்த்து நின்று அழுததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவள் நான். அன்றிலிருந்து அம்மா செத்துவிடுவாள் என்று பயந்து, எதையாவது செய்தாக வேண்டும் என்று, உன் கையில் அகப்பட்டது என் சோற்றுத்தட்டு. பயந்தால் டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல், பாசத்தின் பேரில் ஒரு வருஷம் என்னைப் பசியில் வைத்திருந்தாய். பாசம் என்பதால் எனக்குக் கோபம் குறையவில்லை, கூடுகிறது. வேறு யாராவது செய்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன், நீ என்பதால்தான் மூடிக்கொண்டு கஞ்சி குடித்தேன்.

அதனால் அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நான் சென்னைக்கு வரமாட்டேன். கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள எனக்கு ஒரு வார்டன் தேவையில்லை, மகன் இருந்தால் போதும். உன் அத்தா இப்போது கடைக்குப் போகும் முன் எனக்குப் பால் காய்ச்சி வைக்கிறார், பொங்கவிட்டுவிடுகிறார், ஆனாலும் வைக்கிறார். காலையில் முட்டை, செத்த நேரம் கழித்து வாழைப்பழம், மதியம் கொஞ்சம் சோறும் பருப்பும் மீனும், பிறகு நிலக்கடலை உருண்டை, மாலையில் இன்னொரு முட்டை, தெரு முனை வரை நடை. மருந்து அதன் பாட்டுக்கு நடக்கிறது. போன வாரம் எடை பார்த்தேன். ஒரு கிலோ கூட இருந்தது. நான் குணமாகிவிடப் போவதில்லை, எனக்குத் தெரியும். இருக்கிற நாட்களைத் துணி மாற்றும் தெம்போடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

நீயும் உன் மனைவியும் வரும் வெள்ளிக்கிழமை கிளம்பி வாருங்கள். உன் மாமியாரையும் கூட்டிவர முடிந்தால் கூட்டிவா, அன்றைக்கு அவர் முன்னால் எழுந்து போனதற்கு நான் அவரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். ஜும்ஆவுக்கு முன் வருவீர்களோ பின் வருவீர்களோ, உங்கள் சௌகரியம். உன் அத்தா சாப்பிட்டு, நீ சாப்பிட்டு, வந்தவர் போனவர் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித்தான் முப்பத்தைந்து வருஷமாக நான் சாப்பிட்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியதெல்லாம் அடுப்படியில் மூடி வைத்திருப்பேன், நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் முதலிலேயே சாப்பிட்டிருப்பேன்.

உன் அம்மா